சந்தைக்கு வழி எது?

வெளிநாட்டுக்குப் புறப்படும் இளைஞனை வழியனுப்பும் முறை நம் ஊர்களில் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. உற்றாரும் உறவினரும் கூடுவர், விருந்து நடக்கும், பள்ளிவாசல் இமாம் துஆ செய்வார், தாய் ஊறுகாயும் பொடி வகைகளும் கட்டிக் கொடுப்பாள், பெரியவர்கள் பொறுமையாக இருக்கும்படியும் மாதந்தோறும் தவறாமல் பணம் அனுப்பும்படியும் அறிவுரை கூறுவர். நாகரசம்பட்டி, போச்சம்பள்ளி, காவேரிப்பட்டினம், பர்கூர் முதலிய ஊர்களிலிருந்து வாடகை வண்டியில் ஏறி, கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் கடந்து, பெங்களூருக்கு அப்பாலுள்ள தேவனஹள்ளி வானூர்தி நிலையம் வரை உடன்சென்று, கையசைத்துவிட்டுத் திரும்புவர். இத்தனை அன்பும் உண்மையானதே. எனினும், அந்த இளைஞனுக்கு ஒருவரும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. மறுநாள் காலை அந்நிய மண்ணில் கண்விழிக்கும்போது அவன் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதே அச்செய்தி.

எந்த அலுவலகத்தில் எந்த அட்டையைப் பெறுவது, யாரிடம் எந்த மொழியில் பேசுவது, சம்பளம் எவ்வழியாக வரவேண்டும், நோயுற்றால் எங்கே செல்வது, எப்பொருளைக் கையில் வைத்திருத்தல் குற்றமாகும் என்பன யாவும் சிறு செய்திகளே. ஆனால் அயல்நாட்டு வாழ்வு இச்சிறு செய்திகளால் ஆனது. இவற்றை அறிந்தவன் மூன்று மாதத்தில் காலூன்றுகிறான். அறியாதவன் இரண்டாண்டு ஒப்பந்தம் முடியும்வரை தத்தளிக்கிறான். புது நாட்டில் ஒருவன் நிலைபெறுவதற்குத் துணிவு மட்டும் போதாது. முன்னறிவும் வேண்டும், கைகாட்டிவிட ஓர் ஆளும் வேண்டும். இவ்விரண்டையும் அளிக்கும் கடமை எல்லைப்புற ஊர்களாகிய நம்மிடத்தில் கல்லூரிக்கும் ஜமாஅத்துக்கும் உரியது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மதீனா காட்டிய இரு கைகள்

புதிதாக வந்தவரின் அன்றாட வாழ்வு என்னும் சிக்கலை இஸ்லாமிய வரலாறு தன் தொடக்கத்திலேயே சந்தித்தது. கி.பி. 622இல் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் புலம்பெயர்ந்த முஹாஜிர்கள் வீடும் பொருளும் இழந்து வந்தவர்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் முஹாஜிர் ஒருவரையும் மதீனாவாசியான அன்சாரி ஒருவரையும் இணைத்துச் சகோதரர்களாக்கினார்கள். பொதுவாக "அனைவரும் உதவுங்கள்" என்று கூறி விட்டுவிடாமல், இன்னாருக்கு இன்னார் பொறுப்பு என்று வகுத்ததே இவ்வேற்பாட்டின் நுட்பம். எல்லோருக்கும் உரிய பொறுப்பு யாருக்கும் உரியதாகாமற் போவதை நாம் நாள்தோறும் காண்கிறோம் அல்லவா?

அவ்வாறு இணைக்கப்பட்டவர்களுள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களும் இருவர். செல்வரான ஸஅத், தம் உடைமையில் பாதியைத் தந்துவிட முன்வந்தார். அப்துர் ரஹ்மான் அவரை வாழ்த்தி, அதனை ஏற்காமல், சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். வழி காட்டப்பட்டது. அங்குச் சென்று உலர்தயிர்க் கட்டியும் நெய்யும் வாணிகம் செய்து, விரைவிலேயே தம் காலில் நின்றார். இந்நிகழ்ச்சியைச் சொற்பொழிவாளர்கள் தன்மானத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். அது சரியே. ஆனால் இதில் மற்றொரு பாடமும் உண்டு. வந்தவருக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. இருந்தவருக்கு வழிகாட்டும் மனம் இருந்தது. கேட்கத் தெரியாதவர்க்கு எவ்வளவு கொடுத்தாலும் பயனில்லை. வழிகாட்டுவார் இல்லாதவிடத்துத் தன்மானம் மட்டும் சோறு போடாது.

மொழியைப் பொறுத்தும் ஒரு சான்று உண்டு. மதீனாவில் யூதர்களோடு கடிதப் போக்குவரத்து நிகழ்ந்தபோது, இளைஞராக இருந்த ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை அவர்தம் எழுத்தைக் கற்குமாறு பெருமானார் பணித்தார்கள். அரைத் திங்களளவில் அவர் அதில் தேர்ச்சி பெற்றார் என்று நபிமொழி நூல்கள் கூறுகின்றன. தேவைக்காக அயல்மொழி கற்றல் நம் மார்க்க மரபிலேயே உள்ளது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

கடற்கரை ஊர்களும் நம் ஊர்களும்

"நம் முன்னோர் எந்த வகுப்பில் படித்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள்? போனவர்கள் தாமாகவே கற்றுக்கொள்ளவில்லையா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்பர். இக்கேள்வி புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும் அம்முன்னோர் யார், எவ்வாறு சென்றனர் என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் முஸ்லிம்கள் நூற்றாண்டுகளாகக் கடல்வாணிகம் செய்தவர்கள். பினாங்கிலும் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் அவர்களுக்கு மாமனோ மைத்துனனோ ஒரு கடை வைத்திருப்பார். புதிதாகச் செல்லும் பையன் அக்கடையிலேயே படுத்துறங்கி, அக்கடையிலேயே மலாய் பேசக் கற்று, வாடிக்கையாளரைப் பழகி, பின்னர்த் தனிக்கடை வைப்பான். அந்தக் கடையே அவனுக்குப் பள்ளிக்கூடம். அந்த மாமனே அவனுக்கு அன்சாரி. சிங்கப்பூரில் சூலியா முஸ்லிம்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் 1826இல் ஜாமிஆ பள்ளிவாசலை நிறுவினர். நாகூர் ஆண்டகையின் பெயரால் 1828க்கும் 1830க்கும் இடையே ஒரு நினைவில்லமும் எழுப்பினர். அந்நகரம் ஆங்கிலேயக் குடியிருப்பாகத் தோன்றியதே 1819இல்தான் என்பதை நினைத்தால், அவர்கள் எவ்வளவு விரைவில் வேரூன்றினர் என்பது விளங்கும்.

அவ்வேரூன்றுதலுக்கு மொழியே ஆணிவேர். நவீன மலாய் இலக்கியத்தின் முன்னோடி என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லா (1796–1854) மலாக்காவில் பிறந்தவர்; அரபுக் குருதியும் தமிழ்க் குருதியும் கலந்த மரபினர். இராஃபிள்ஸ் துரையிடம் எழுத்தராகப் பணியாற்றினார். ஆங்கிலேயருக்கும் பாதிரிமார்க்கும் மலாய் கற்பித்தார். அவருடைய தந்தையார் சிறுவயதிலேயே அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். ஏனெனில் அக்கால மலாக்காவில் கணக்கு எழுதவும் வணிகரோடு பேசவும் தமிழ் வேண்டியிருந்தது. தன் மொழியை இழக்காமல் பிறர் மொழியைக் கைக்கொள்ளும் இவ்வழக்கத்தின் தொடர்ச்சியாகவே 1887இல் சி.கு. மகுதூம் சாயுபு சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் இதழைத் தொடங்கி நடத்தினார் என்று கொள்ளலாம். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழும் இத்தகைய இருமொழி வாழ்வின் கொடையே.

இனி நம் பகுதியை நோக்குவோம். நாகரசம்பட்டி கடல் காணாத ஊர். மாந்தோப்பும் புன்செய்யும் இங்குள்ள வாழ்வு. இங்கிருந்து செல்பவன் பெரும்பாலும் தன் குடும்பத்தின் முதல் வெளிநாட்டுப் பயணி. அவனுக்கு மாமன் கடை இல்லை. இருப்பவர் முகவர் ஒருவரே. அவரும் வானூர்தி ஏற்றிவிட்டதோடு தம் கடமை முடிந்ததெனக் கருதுபவர். கப்பற் காலத்தில் பயணமே பல நாள் நீடித்தது. உடன்வரும் அனுபவசாலிகளிடம் அந்நாட்டுச் செய்திகளைக் கேட்டறியலாம். இன்றோ நான்கு மணி நேரத்தில் வேறோர் உலகில் இறங்கிவிடுகிறான். ஆகவே கடற்கரை ஊர்களில் உறவு செய்த பணியை இங்கே ஒரு நிறுவனம் செய்தாக வேண்டும். "முன்னோர் கற்றுக்கொள்ளவில்லையா?" என்ற கேள்விக்கு இதுவே விடை. அவர்கள் கற்றார்கள், ஆனால் தனியாகக் கற்கவில்லை.

2015இல் நடத்தப்பட்ட தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, ஏறத்தாழ 22 இலட்சம் தமிழ்நாட்டவர் வெளிநாடுகளில் வாழ்வதாகக் கணித்தது. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா ஆகியவை அவர்கள் மிகுதியாகச் சென்ற நாடுகள். இத்தனை பேரின் வாழ்வைத் தொடும் ஒரு செயலுக்கு நம்மிடம் பாடத்திட்டம் ஏதுமில்லை என்பது வியப்புக்குரியதன்றோ?

முதல் நூறு நாள்

அயல்நாட்டு அன்றாட வாழ்வில் அறிய வேண்டியவை எத்தகையன என்பதற்குச் சில காட்டுகள் தருவேன்.

தாய் கட்டிக் கொடுக்கும் பொட்டலத்திலிருந்தே தொடங்கலாம். நம் சமையலறையில் குருமாவுக்கு அரைக்கும் கசகசா, சவூதியிலும் அமீரகத்திலும் தடைசெய்யப்பட்ட பொருள். அன்போடு வைக்கப்பட்ட ஒரு சிறு பொட்டலம் சிறைவாசலுக்கு இட்டுச் செல்லக்கூடும். இருமல் மருந்து, வலிநிவாரணி ஆகியவற்றுள் சிலவும் அங்குக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. மருத்துவர் சீட்டும் முன் அனுமதியும் இன்றிக் கொண்டுசெல்லலாகாது. சிங்கப்பூரில் மெல்லும் பிசின் மிட்டாயின் இறக்குமதி 1992 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. இவற்றை அறியாதவன் குற்றவாளி அல்லன். எனினும் அறியாமையை எந்நாட்டுச் சட்டமும் மன்னிப்பதில்லை.

காலக்கணக்கும் மாறும். அமீரகம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. சவூதியும் குவைத்தும் கத்தாரும் இரண்டரை மணி நேரம் பின்தங்கியவை. மலேசியாவும் சிங்கப்பூரும் இரண்டரை மணி நேரம் முற்பட்டவை. வார விடுமுறையும் அவ்வாறே. சவூதி 2013 முதல் வெள்ளி, சனி ஆகிய நாள்களை அரசு விடுமுறையாகக் கொண்டது. அமீரகம் 2022 தொடக்கத்திலிருந்து சனி, ஞாயிறு என்று மாற்றி, வெள்ளியை அரைநாள் வேலைநாளாக்கியது. வெள்ளிக்கிழமை எங்கும் முழு விடுமுறை என்று எண்ணிச் செல்பவன் தடுமாறுவான்.

வெயிலையும் கூறவேண்டும். கிருஷ்ணகிரி வெயிலில் மாங்காய் பறித்துப் பழகியவனும் வளைகுடாக் கோடையின் புழுக்கத்தைத் தாங்குவான் என்று கொள்ளலாகாது. அமீரகத்தில் சூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 மணிக்கும் 3 மணிக்கும் இடையே திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று விதி உண்டு. விதியை அறிந்த தொழிலாளி, மேற்பார்வையாளரிடம் பணிவோடு அதனை நினைவூட்டலாம். அறியாதவன் மயங்கி விழும்வரை உழைப்பான்.

உறைவிடமும் ஒரு பாடம். 2024 சூன் 12ஆம் நாள் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் தீப்பற்றி எரிந்ததில் இந்தியர் 45 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் எழுவர் தமிழ்நாட்டவர். நெரிசலான தங்குமிடத்தைத் தொழிலாளி தானே மாற்றிவிட இயலாது. ஆனால் முதல்நாள் இரவே படிக்கட்டு எங்கே, மாற்றுவழி எங்கே, மாடிக்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவைக்கலாம். இச்சிறு பழக்கத்தை ஊரிலேயே கற்பித்தனுப்புவது வழியனுப்பும் விருந்தினும் மேலான அன்பு.

இனிச் சட்டமும் ஆவணமும். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் கடவுச்சீட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அத்தகையோர் சவூதி, அமீரகம், குவைத்து, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெறுதல் வேண்டும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற முகவர், கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே வாங்கலாம். நம்மிடையே நிலத்தை அடகு வைத்து இலட்சக்கணக்கில் கொடுத்துச் செல்பவர்கள் இவ்வரம்பைக் கேள்விப்பட்டதே இல்லை. 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' என்னும் காப்பீட்டுத் திட்டம், விபத்து மரணத்துக்கும் நிலையான ஊனத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் அளிக்கிறது. ஈராண்டுக்குக் கட்டணம் 275 ரூபாய் மட்டுமே. சுற்றுலா நுழைவிசைவில் வேலைக்குச் செல்பவன் இப்பாதுகாப்புகள் அனைத்தையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுச் செல்கிறான். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட தமிழ் இளைஞர்கள், மியான்மரின் மியாவடிப் பகுதியில் இணையமோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்டதை நாளிதழ்களில் படித்தோம். அவர்களில் பலர் படித்தவர்கள் என்பதை மறக்கலாகாது. பட்டம் வேறு, பயண அறிவு வேறு.

அங்குச் சென்றபின் கடவுச்சீட்டைத் தன்னிடமே வைத்திருத்தல், அதன் நகலை வீட்டில் விட்டுச்செல்லுதல், ஒப்பந்தத்தைத் தனக்குத் தெரிந்த மொழியில் படித்தறிதல், சம்பளத்தை வங்கி வழியே பெறுதல் ஆகியன அடிப்படைக் காப்புகள். அமீரகம் 2009இலேயே வங்கி வழிச் சம்பள முறையைக் கொண்டுவந்தது. கத்தார் 2020இல், பழைய முதலாளியின் ஒப்புதல் இன்றியே வேலை மாற இடமளித்தது. இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. தமிழக அரசிடம் அயலகத் தமிழர் நலனுக்கென ஆணையரகமும் வாரியமும் உள்ளன. உரிமைகள் ஏட்டில் இருக்கின்றன. ஏட்டைத் திறந்து காட்டுவாரில்லை.

எந்த மொழி?

எல்லைப்புறத்தாராகிய நமக்கு ஒரு செல்வம் உண்டு. அதன் அருமையை நாம் அறிந்திலோம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் ஒரே கடைத்தெருவில் புழங்குகின்றன. காய்கறி விற்கும் பெண்மணி, வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே மொழியை மாற்றுகிறார். இலக்கணம் படித்து அவர் இதைக் கற்கவில்லை. பிழையாகப் பேச அஞ்சாமையால் கற்றார். அயல்நாட்டுப் புதியவனுக்கு வேண்டுவது இந்த அஞ்சாமையே.

வளைகுடாப் பணியிடங்களில் இந்தியரும் பாகிஸ்தானியரும் வங்காளதேசத்தாரும் தம்முள் பேசிக்கொள்வது பெரும்பாலும் இந்தி, உருது கலந்த நடையில். அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் அரபியும் ஆங்கிலமும் வேண்டும். மலேசியாவில் மலாய் இன்றி ஒருநாள் பொழுதும் நகராது. நம் இளைஞனோ பள்ளியில் ஆங்கிலத்தைத் தேர்வுக்காகப் படித்திருக்கிறான். மத்ரஸாவில் அரபியை ஓதுவதற்காகக் கற்றிருக்கிறான். குர்ஆனைத் திருத்தமாக ஓதத் தெரிந்தவனுக்குத் "தண்ணீர் எங்கே கிடைக்கும்?" என்று அரபியில் கேட்கத் தெரியவில்லை. எழுத்தும் ஒலிப்பும் முன்னமே கைவந்த நிலையில், பேச்சு மொழிக்குச் சில வாரங்களே போதுமே!

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். மொழிப்பற்று மிக்க இத்தமிழ் மண்ணில், தமிழ்த்துறை மலரிலேயே பிறமொழி கற்கச் சொல்வது முறையா? முறையே என்பேன். மொழியைத் திணித்தல் வேறு. வயிற்றுப் பிழைப்புக்கும் மானத்துக்கும் மொழியைக் கற்றல் வேறு. முன்னதை எதிர்ப்பதும் பின்னதை வளர்ப்பதும் ஒரே தன்மானத்தின் இரு முகங்கள். பேசத் தெரியாதவனுக்காகப் பிறர் பேசுகின்றனர்; அப்பிறர் எப்போதும் நல்லவராக இருப்பதில்லை.

தனிமையும் தீவு வாழ்க்கையும்

அறிவு அனைத்தும் பெற்றுச் சென்றாலும் மனம் ஒன்று இருக்கிறது. மதீனாவுக்கு வந்த புதிதில் அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) ஆகிய இருவரும் காய்ச்சலில் வீழ்ந்தனர். பிலால் மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கு முளைக்கும் புல்லையும் எண்ணிப் பாடினார் என்று நபிமொழி நூல்கள் பதிவு செய்துள்ளன. மக்காவில் அடிமையாகச் சுடுமணலில் கிடத்தப்பட்டவர் அவர். அவரே அம்மண்ணின் புல்லுக்கு ஏங்கினார் எனின், ஊர்நினைவு கோழைத்தனமன்று என்பது தெளிவாகும். பெருமானாரும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. மதீனாவையும் அவர்கள் உள்ளத்துக்கு இனியதாக்குமாறு இறைவனிடம் வேண்டினார்கள். பழைய ஊரை மறக்கச் சொல்லாமல், புதிய ஊரையும் விரும்பச் செய்ததே அவ்வேண்டுதலின் அழகு.

இன்றைய புதியவனுக்குக் கைபேசி பெருந்துணை. ஆனால் அதுவே வேலியுமாகிறது. வேலை முடிந்து அறைக்கு வந்தவன், ஊரிலுள்ளோர் முகத்தையே இரவெல்லாம் திரையில் பார்த்துக்கொண்டிருந்தால், எதிர்க்கட்டிலில் இருப்பவன் எந்நாட்டான் என்பதுகூட அவனுக்குத் தெரியாமற் போகும். உடல் துபாயிலும் உள்ளம் நாகரசம்பட்டியிலும் இருக்க, எவ்வூரிலும் வாழாதவனாகிறான். நம்மவரோடு மட்டும் உண்டு, நம்மவரோடு மட்டும் பேசித் தீவாக வாழ்பவனின் நிலையும் இதுவே. நம்மவர் துணை முதல் மாதத்துக்குத் தோணி. என்றென்றும் தோணியிலேயே இருப்பவன் கரையேறியவன் ஆகான்.

இங்குக் குடும்பத்தாரிடமும் பெரியவர்களிடமும் ஒன்று கூறுதல் வேண்டும். சென்ற மறுமாதமே பணத்தை எதிர்பார்ப்பதும், அடுத்த வீட்டான் அனுப்பிய தொகையோடு ஒப்பிடுவதும், புதியவனின் முதுகில் ஏற்றும் சுமைகள். அச்சுமைக்கு அஞ்சியே பலர் தம் இடரை மறைக்கின்றனர். சம்பளம் வராததைச் சொல்லாமல் கடன் வாங்கி அனுப்புகின்றனர். "எவ்வளவு அனுப்பினாய்?" என்று கேட்பதற்கு முன்னர், "யாரோடு பழகினாய், என்ன கற்றாய்?" என்று கேட்கப் பழகுவோமாக.

நம் வாசலில் வந்தவர்கள்

இதுவரை நம் பிள்ளைகள் புதியவர்களாகச் செல்லும் நாடுகளைப் பற்றிப் பேசினோம். ஆனால் நம் ஊரும் வேறொருவனுக்குப் புது நாடு. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது முதல் இப்பகுதியின் முகம் மாறியது. பர்கூரிலும் போச்சம்பள்ளியிலும் தொழில் வளாகங்கள் எழுந்தன. இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம் ஆகிய மாநிலங்களின் இளைஞரும் இளம்பெண்களும் இங்கே உழைக்கின்றனர். சட்டப்படி இஃது அவர்களுக்கு அயல்நாடன்று. ஆயினும் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க இயலாமலும், மருத்துவரிடம் நோயைச் சொல்ல இயலாமலும் அவர்கள் படும் பாடு, நம் பிள்ளை ரியாத்தில் படும் பாடே.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க்காட்சிகள் பரப்பப்பட்டன. அவை உண்மையல்ல என்று காவல்துறை விளக்கிய பின்னும், அஞ்சி ஊர் திரும்பியோர் உண்டு. வதந்தி ஏன் அவ்வளவு எளிதில் பற்றியது? அவர்களுள் பலருக்கு, "இது உண்மையா?" என்று கேட்டறிய ஒரு தமிழ் நண்பன்கூட இருக்கவில்லை என்பதே காரணம் என்று நான் கருதுகிறேன். அண்டை வீட்டாரின் பெயர் தெரிந்தவன் வதந்திக்கு ஓடமாட்டான்.

வெளிநாட்டில் நம் மகனுக்கு ஓர் அன்சாரி கிடைக்க வேண்டும் என்று துஆ செய்யும் நாம், இங்கே எவருக்கேனும் அன்சாரியாக இருந்தோமா? போச்சம்பள்ளி வாரச்சந்தையில் விலை தெரியாமல் விழிக்கும் ஒடிசாக்காரனுக்கு, இன்ன கடையில் நியாய விலை என்று கைகாட்டுவது பெரிய தருமம். வேற்று நிலத்தவனை இகழ்ந்து பேசும் நாவு, தன் மகன் அயல்நாட்டில் இகழப்படும்போது முறையிடும் தகுதியை இழக்கிறது.

செய்யத் தக்கவை

சிங்கப்பூர் அரசு 2018 முதல், அங்குக் கட்டுமானத் தொழிலுக்குப் புதிதாக வரும் தொழிலாளர்க்கு, அவரவர் தாய்மொழியில், தமிழிலும், ஒருநாள் அறிமுக வகுப்பு நடத்தத் தொடங்கியது. அதே 2018இல் நம் வெளியுறவு அமைச்சகமும் புறப்படுவோர்க்கு ஒருநாள் முன்பயிற்சியைத் தொடங்கியது. வரவேற்கும் நாடும் அனுப்பும் நாடும் ஒவ்வொரு நாள் கற்பிக்கின்றன. இடையில் ஊர் செய்ய வேண்டியது எஞ்சியிருக்கிறது. அதற்கு மூன்று பணிகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, கல்லூரித் தமிழ்த்துறையும் அரபித்துறையும் இணைந்து, கோடை விடுமுறையில் முப்பது மணி நேரப் பயணப் பயிற்சி வகுப்பு ஒன்றை நடத்தலாம். மாணவர்க்கு மட்டுமன்றி, ஊரிலுள்ள தச்சரும் ஓட்டுநரும் வெல்டரும் அதில் சேர இடமளிக்க வேண்டும். அன்றாடப் பேச்சுக்குரிய அரபி, மலாய்த் தொடர்களைத் தமிழ் எழுத்தில் தரும் ஒரு சிறு கைந்நூலை மாணவர்களே தொகுக்கலாம். தமிழை அரபு எழுத்தில் எழுதிக் காத்த சமுதாயத்தின் பிள்ளைகள், அரபியைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கற்பிப்பது அம்மரபுக்குச் செய்யும் கைம்மாறாகும்.

இரண்டாவது, ஒவ்வொரு ஜமாஅத்தும் வெளிநாடு சென்றோரின் ஏடு ஒன்றை வைத்திருத்தல் வேண்டும். எவர், எந்நகரில், என்ன வேலையில் இருக்கிறார் என்று அவர் ஒப்புதலோடு குறித்துவைத்தால், புதிதாகச் செல்பவனை அங்குள்ள ஒருவரிடம் பெயர்சொல்லி ஒப்படைக்கலாம். இன்னாருக்கு இன்னார் பொறுப்பு என்ற மதீனத்து ஏற்பாட்டை நடைமுறைப்படுத்த இதற்கு மேல் செலவில்லை. முகவர் காட்டும் தாளைப் படித்துப் பார்த்துக் கருத்துரைக்க, ஊரிலுள்ள ஆசிரியரும் வழக்கறிஞரும் வாரம் ஒருமுறை பள்ளிவாசலில் அமர்ந்தாலே எத்தனையோ நிலங்கள் அடகிலிருந்து தப்பும். இவ்வேட்டுக்கும் இவ்வுதவிக்கும் சமய வேறுபாடு கூடாது. முகவரின் வஞ்சகத்துக்கு அவ்வேறுபாடு கிடையாது.

மூன்றாவது, ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் வாழும் வடமாநிலத் தொழிலாளர்க்கு ஞாயிறுதோறும் பேச்சுத்தமிழ் வகுப்பு நடத்த நம் மாணவர்கள் முன்வர வேண்டும். உருது பேசும் மாணவர்க்கு இஃது எளிது; அவர்கள் மொழியில் தொடங்கித் தமிழுக்கு அழைத்து வரலாம். தமிழை வளர்ப்பது என்பது அறிந்தவர்க்கே மீண்டும் மீண்டும் எடுத்துரைப்பது மட்டுமன்று. அறியாதவர் நாவில் முதற்சொல்லை வைப்பதும் ஆகும். கற்பிக்கும் மாணவனும் ஒன்று கற்பான். மொழி தெரியாதவனின் கண்ணில் தெரியும் தவிப்பை அருகிருந்து பார்த்தவன், நாளை தானே அந்நிலையில் நிற்கும்போது கலங்கமாட்டான்.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் நாளை கடல் கடப்பீர்கள். செல்வது இழுக்கன்று, முஹாஜிர்களின் வழியில் செல்கிறீர்கள். கேட்க வேண்டியதைக் கேட்கக் கற்றுச் செல்லுங்கள். பெரியோர்களே, புறப்படும் பிள்ளைக்குப் பொறுமையை மட்டும் போதியாதீர்கள். வழியையும் சொல்லி அனுப்புங்கள். ஆசிரியப் பெருமக்களே, வரும் கோடையிலேயே முதல் வகுப்பைத் தொடங்குவோம். பத்துப் பேர் வந்தாலும் போதும். அப்பத்துப் பேரில் ஒருவன் தன் நிலத்தை அடகு வைக்காமலும், மற்றொருவன் தவறான வானூர்தியில் ஏறாமலும் தப்பினால், அவ்வகுப்பு தன் பயனை அடைந்ததாகும். வல்ல இறைவன் நம் எண்ணத்தைச் செயலாக்கித் தருவானாக!